பொன்னியின் செல்வன் முடித்தாயிற்று, அடுத்து எந்த நாவல்?

2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கத்தில் பொன்னியின் செல்வனை முதல்முறையாக வாசித்தவர்கள் ஏராளம். அதுவரை வாரப் பத்திரிகை தவிர வேறு எதையும் புரட்டாதவர்கள்கூட ஐந்து பாகத்தையும் முடித்தார்கள். முடித்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள்: அடுத்து எதை எடுக்க? கிடைக்கிற பதிலும் ஒன்றுதான். இன்னொரு சரித்திர நாவல். சிவகாமியின் சபதம், கடல் புறா, யவன ராணி, உடையார் என்று யாராவது வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். வகை ஒன்றென்றால் ருசியும் ஒன்றாக இருக்கும் என்ற கணக்கு அது. பாதி நேரம் தப்பிப்போகிற கணக்கு.

என் மைனி, அதாவது அண்ணி, விஷயத்தில் அப்படித்தான் தப்பியது. தக்கலையில் வீடு, குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை, தினமும் பேருந்துப் பயணம். வாசிப்பெல்லாம் அந்த நேரத்தில்தான். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற முதல் அத்தியாயத்திலேயே விழுந்துவிட்டவர். முடித்ததும் யாரோ உடையார் முதல் பாகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பாலகுமாரன் ஆறு பாகங்களில் எழுதியது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டுவதுதான் மையம். அதே சோழர்கள், அதே அருள்மொழி. இருந்தும் மைனி பாதியில் மூடி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தரும் எங்கயும் போகல்லியே" என்றார்.

உடையாருக்கு இது நியாயமான விமர்சனமா என்றால் இல்லை. இவ்வளவு பெரிய கோயில் எப்படி எழும்பியது, அதற்குள் எத்தனை பேருடைய கோபதாபங்கள் இருந்தன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு அது விருந்து. ஆனால் மைனியின் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வரியில் அவருக்கு என்ன வேண்டும் என்பது பளிச்சென்று தெரிந்தது. சோழர்களுக்காக அவர் வாசிக்கவில்லை. குதிரைக்காக வாசித்தார்.

ஆகவே யாராவது அடுத்து என்ன என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதுதான்: கடைசியாக வாசித்ததில் எந்த இடத்தில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டீர்கள்? பொன்னியின் செல்வனுக்கு வருகிற பதில்கள் பெரும்பாலும் மூன்றில் அடங்கும். சிலருக்கு வந்தியத்தேவனின் ஓட்டம். சிலருக்கு நந்தினியும் குந்தவையும் ஒருவரை ஒருவர் அளந்து பேசும் பேச்சு. இன்னும் சிலருக்கு அந்தக் காவிரியும் வயலும் கோடிக்கரையும். ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த புத்தகம் வேறு. அலமாரியில் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அதுவாக இருக்காது.

ஓட்டம் பிடித்தவர்களுக்கு

இங்கே மூன்று நாவல்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்: சாண்டில்யனின் கடல் புறா, ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி, நாஞ்சில் நாடனின் எட்டுத் திக்கும் மதயானை. முதலாவது சரித்திர நாவல், இரண்டாவது உலகப் போர்க் கால நாவல், மூன்றாவதை யாரும் சாகச நாவல் என்று சொல்லி விற்பதில்லை. மூன்றிலும் ஒரு இளைஞன் ஊரைவிட்டு வெளியே போய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைகிறான்.

கடல் புறா மூன்று பாகம். கருணாகர பல்லவன் கலிங்கத்தில் மாட்டிக்கொண்டு, தப்பி, கடலுக்குப் போய், கீழைத் தேசத்துத் தீவுகளில் கப்பலோடு திரிகிற கதை. கப்பற்போர் வரும் பக்கங்களில் சாண்டில்யனை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிக்கல் என்னவென்றால், கப்பல் கிளம்பத் தயாராக நிற்கும்போது நாயகியின் இடையை வர்ணிக்க ஆரம்பித்துவிடுவார். அது முடிகிறவரை கப்பலும் நிற்கும், நாமும் நிற்க வேண்டும். அதைச் சிரித்துக்கொண்டே தாண்டத் தெரிந்தவர்களுக்குக் கல்கியின் வேகம் இங்கே அப்படியே கிடைக்கும். பள்ளிக்கூட ஆசிரியை, பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால், கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

புயலிலே ஒரு தோணி 1972இல் வந்தது. ஒரே பாகம். ஜப்பான் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைகிற காட்சியில் தொடங்குகிறது. பாண்டியன் என்கிற தமிழ் இளைஞன், செட்டிமார்களின் வட்டிக்கடைகள், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், ஒற்று வேலை, கொலை. தலைப்பில் உள்ள புயல் ஒரு கடல் பயணத்தில் வருகிறது. தமிழில் கடலையும் காற்றையும் அப்படி எழுதியவர்கள் குறைவு. சிங்காரம் மொத்தம் எழுதியதே இரண்டு நாவல்கள்தான். இன்னொன்று கடலுக்கு அப்பால். தானே அந்தப் பகுதியில் வேலை பார்த்தவர் என்பதால் தெருப்பெயரும் சாப்பாடும் கணக்குப் புத்தகமும் எல்லாம் கண்ணால் பார்த்தது மாதிரி வரும். ஆனால் எளிதில்லை. நடுவில் திடீரென்று மதுரைத் தெருக்கள் நினைவில் வரும், குடித்துவிட்டுப் பழந்தமிழ் இலக்கியத்தைக் கிண்டலடிக்கும் பேச்சு பக்கம் பக்கமாகப் போகும், மலாய்ச் சொல்லும் டச்சுச் சொல்லும் கலந்து கிடக்கும். முதல் ஐம்பது பக்கம் யார் யாரென்று பிடிபடாது. பிடிபட்ட பிறகு விடமாட்டீர்கள்.

எட்டுத் திக்கும் மதயானை 1998இல் வந்தது. நாஞ்சில் நாட்டுப் பையன் பூலிங்கம், ஊரில் நடந்த ஒரு தகராறில் பழிவாங்கப் போய், இனி ஊருக்குள் நிற்க முடியாது என்ற நிலையில் ஓடுகிறான். ஓடி ஓடி மும்பையின் நிழல் உலகத்துக்குள் போய்ச் சேர்கிறான். கள்ளக்கடத்தல், போலீஸ், அடிதடி எல்லாம் உண்டு. ஆனால் நாஞ்சில் நாடனுக்கு நாயகனைப் பெரிய ஆளாக்கிக் காட்டும் ஆசை கிடையாது. பசிக்கிறபோது பூலிங்கத்துக்கு நிஜமாகவே பசிக்கும். என்ன சாப்பிட்டான், என்ன விலை, எங்கே படுத்தான் என்பதெல்லாம் எழுதாமல் விடமாட்டார். அவரும் நீண்ட காலம் மும்பையில் இருந்தவர்தான்.

மைனிக்கு நான் சொன்னது மூன்றாவதை. காரணம் எளிது: பூலிங்கம் பேசுகிற பேச்சு தக்கலைக்காரருக்கு அரும்பதவுரை இல்லாமலே புரியும்; புத்தகமும் கைப்பைக்குள் அடங்கும். கல்கியிலிருந்து நேராகச் சிங்காரத்துக்குத் தாவினால் மூச்சு வாங்கும். நடுவில் ஒரு நாஞ்சில் நாடன் இருந்தால் தாவல் சுலபம். கடல் புறாவை அவருடைய மகனுக்கு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவன் ரசனை வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பேச்சும் சூழ்ச்சியும் பிடித்தவர்களுக்கு

நந்தினி வரும் அத்தியாயங்களை இரண்டு தடவை வாசித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அடுத்ததும் அரண்மனைக் கதையாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஒரு சொல்லை யார் முன்னால் சொல்வது, எப்போது சொல்வது, யாரை வைத்துச் சொல்ல வைப்பது என்பதெல்லாம் சாதாரண வீட்டு முற்றத்தில் இன்னும் கூர்மையாக நடக்கும். அதற்கு இந்த மாவட்டத்தில் பிறந்த நாவல்களே போதும்.

நீல பத்மநாபனின் தலைமுறைகள் 1968இல் வந்தது. கதை நடப்பது இரணியல். திரவி என்கிற பையனின் கண் வழியாக ஒரு செட்டியார் குடும்பத்தின் சடங்குகளும் சண்டைகளும் விரிகின்றன. அக்கா நாகுவைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அவள்மேல் ஒரு பழியைச் சுமத்தி. அந்தப் பழி உண்மையா என்பதை வீட்டுக்குள் ஒருவரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள், ஊரே பேசும். உண்ணாமலை ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து எடுத்துவிடும் பழங்கதைகள் தனி. 2010இல் மகிழ்ச்சி என்று படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு நாவலை விட்டவர்களுக்கு நஷ்டம். ஏனென்றால் நாவலின் பலமே அதன் பேச்சு. வெளியூர் நண்பர்கள் இதைத் தொடங்கிவிட்டுப் புரியவில்லை என்று வைத்துவிடுவார்கள். இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் போய்வருகிற நமக்கு அந்தத் தடை கிடையாது. நாவல் பெரியது, மெதுவாகத்தான் நகரும். திருவிழா, கல்யாணம், காது குத்து என்று ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து எழுந்துதான் போகும். விடுமுறைக்கு உகந்தது.

அதைவிட விறுவிறுப்பு வேண்டுமென்றால் நாஞ்சில் நாடனின் முதல் நாவல், தலைகீழ் விகிதங்கள். 1977. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் சிவதாணு, பணக்கார வீட்டில் பெண்ணெடுக்கிறான். மாமனார் வீட்டின் ஒவ்வொரு வாய் சோற்றிலும் ஒரு ஏளனம் கலந்திருக்கும். 2002இல் வந்த சொல்ல மறந்த கதை இதிலிருந்து எடுத்த படம்தான். இதை வாசித்த பிறகு சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போனால் பரிமாறுகிறவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட முடியாது.

தோப்பில் முகமது மீரானின் சாய்வு நாற்காலி இன்னொரு தினுசு. 1997இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். தேங்காப்பட்டணத்துப் பெரிய வீடு ஒன்று, சவ்தா மன்ஸில். அதில் முஸ்தபாக்கண்ணு சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி மூதாதையர் பெருமை பேசுகிறார். வயிற்றுக்கு ருசியாக வேண்டும் என்பதற்காக வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்கிறார். சிரிப்பு வரும். அந்த வீட்டுப் பெண்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று தெரியவரும்போது அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். பொன்னியின் செல்வனில் அரசகுலப் பெருமையை நாம் கைதட்டி ரசித்தோம் இல்லையா, அதற்கு மறுபுறம் போல இது. இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். நந்தினி ரசிகர்களுக்கு மட்டும் தலைகீழ் விகிதங்கள்.

ஊர் பிடித்தவர்களுக்கு

இதுதான் எங்களுக்குக் கை நிறைந்த பகுதி. ஒரு சின்ன மாவட்டம், 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. மலை, வயல், ரப்பர், பனை, கடல் எல்லாம் ஒரு பேருந்துப் பயண தூரத்துக்குள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாவல் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னால் மிகை ஆகாது.

நாகர்கோவில் நகரத்துக்கு சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை, 1966. முச்சந்தியில் நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றி ஊர் எப்படி வளர்ந்தது, கடைகள் எப்படி முளைத்தன, நகராட்சித் தேர்தல் எப்படி அதைத் தின்றது என்பதுதான். முதல் பகுதியில் தாமோதர ஆசான் என்கிற கிழவர் சொல்லும் கதைகளுக்காகவே வாசிக்கலாம். ஆசான் சொல்வதில் எது நடந்தது, எது அவர் கட்டியது என்று பிரிக்க முடியாது, பிரிக்கவும் தோன்றாது. பின்பாதியில் வேகம் மாறி அரசியல் கிண்டலாகிவிடும். அந்த மாற்றம் சிலருக்குப் பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்தது, செட்டிகுளம், வடசேரிப் பக்கம் ஒரு மரத்தை வெட்டிக் கட்டடம் எழும்பும்போதெல்லாம் அந்தப் பின்பாதிதான் ஞாபகம் வருகிறது.

பனைக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு, 1964. மெலிந்த புத்தகம். ஒரு காலத்தில் வசதியாக இருந்த வீட்டுப் பெண் லிஸிக்கும் பனையேறியின் மகனுக்கும் இடையே உள்ள காதல். கேட்டால் ஆயிரம் படத்தில் பார்த்த கதை மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணை ஒரு வயதுக்குப் பிறகு வெளியே விடாமல் வீட்டுக்குள் அடைத்துவைக்கிறார்களே, அதை ஹெப்சிபா எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. அவள் எதைப் பார்க்க முடியும், எது அவள் கண்ணுக்கு எட்டாது என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிறார். அதிலேயே நமக்கு மூச்சு முட்டும். நிறைய வாசிக்காதவருக்கு, பெரிய புத்தகத்தைப் பார்த்தால் பயப்படுகிறவருக்கு, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் கொடுப்பது இது.

மலைக்கு ஜெயமோகனின் காடு. ஒப்பந்த வேலைக்காகக் காட்டுக்குள் போகும் கிரிதரன் என்கிற இளைஞன், நீலி என்கிற மலைப்பெண்மேல் கொள்ளும் மோகம், நடுநடுவே குறிஞ்சிப் பாடல்கள். பேச்சிப்பாறை தாண்டி மேலே ஏறியவர்களுக்கு அந்த மழையும் ஈரமும் தெரிந்திருக்கும். குட்டப்பன் என்று ஒரு ஆள் வருகிறார். சமையல், காட்டறிவு, கெட்ட பேச்சு எல்லாவற்றுக்கும் அவர்தான். காதல் பகுதி உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றினாலும் குட்டப்பனுக்காகக் கடைசிவரை போய்விடுவீர்கள். இதோடு ஒப்பிட்டால் அதே எழுத்தாளரின் முதல் நாவல் ரப்பர் அளவில் சிறியது, சொல்ல வந்ததை நேராகச் சொல்வது. வாழைத்தோட்டம் போய் ரப்பர் வந்ததும் ஒரு பெருவட்டர் குடும்பம் எப்படி ஆகிறது என்பது கதை. குலசேகரம், திருவட்டாறு பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் வீட்டில் வளர்ந்தவர்கள் ரப்பரில் தொடங்கிவிட்டுக் காட்டுக்குப் போவது நல்லது.

ஏழாம் உலகத்தை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கமாட்டேன். உடல் ஊனமுற்றவர்களைப் பிச்சைக்கு வைத்து வியாபாரம் செய்யும் போத்திவேலு பண்டாரத்தின் கதை. பெரிய நாவல்தான், நான் கடவுள் படத்துக்கு அடித்தளமும் அதுதான். ஆனால் ரசித்து வாசிக்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டவரிடம் அதை நீட்டுவது அடாவடி. பொன்னீலனின் மறுபக்கமும் அப்படித்தான். 1982 மண்டைக்காட்டுக் கலவரம் வருகிற நாவல். இந்த மாவட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் வாசித்தே ஆகவேண்டும். ஓய்வுக்கு வாசிக்க அல்ல.

கடலுக்குப் போட்டி பலமானது. தோப்பிலின் ஒரு கடலோர கிராமத்தின் கதை (1988), தகழியின் செம்மீன், ஜோ டி குரூஸின் ஆழிசூழ் உலகு (2004). செம்மீன் நம்முடைய கரை இல்லை, ஆலப்புழைப் பக்கம். ஆனால் தமிழில் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி என்பதால் எங்கள் வீட்டுப் புத்தகம் போலவே ஆகிவிட்டது. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் யாருக்கும் புதிதில்லை. முடிவு தெரிந்திருந்தாலும் வாசிக்கலாம். தோப்பிலின் நாவலில் கடலைவிடக் கரைதான் அதிகம்: அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரம், ஊருக்கு வந்து சேரும் தங்ஙள் என்கிற மதப் பெரியவர், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்கிற பிடிவாதம். சின்னது, வேகமானது, பல இடங்களில் வாய்விட்டுச் சிரிக்க வைப்பது. மூன்றில் எனக்கு முதலிடம் அதற்கே.

ஆழிசூழ் உலகு அளவிலும் ஆழத்திலும் மற்ற இரண்டையும்விடப் பெரியது. பரதவர் வாழ்க்கையை மூன்று தலைமுறையாகச் சொல்கிறது. கட்டுமரம் உடைந்து நடுக்கடலில் தத்தளிக்கும் ஆட்களோடு தொடங்கி, அவர்கள் மிதந்துகொண்டே இருக்க, கதை முன்னும் பின்னும் போய்வரும். அதனாலேயே ஒரு எச்சரிக்கை. 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் வந்தபோது எத்தனை வீடுகள் கரையில் நின்று காத்திருந்தன என்பது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படி ஒரு வீட்டில் இந்த நாவலைப் பொழுதுபோக்காகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கேட்டால் கொடுங்கள்.

கொலை, பேய், எந்திரம்

அண்ணன் மகன் பொறியியல் படிக்கிறான். செத்தவன் முதல் அத்தியாயத்தில் செத்தால்தான் அவனுக்குக் கதை. அவனிடம் புளியமரத்தைக் கொடுத்தால், "மரத்த யாரு கொன்னது?" என்று கேட்பான். உண்மையில் அதுவும் ஒரு கொலைக் கதைதான் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை.

ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கு மேல் எழுதியவர். நாகர்கோவில் சந்திப்பில் ரயில் ஏறினால் திருநெல்வேலிக்குள் ஒன்று முடிந்துவிடும். அடுத்த வாரம் கதை மறந்துபோயிருக்கும், திரும்ப வாங்கினாலும் தெரியாது. அதில் தப்பொன்றும் இல்லை, அதற்காகத்தான் அது. சுஜாதாவின் கணேஷ் வசந்த் கதைகள் அப்படி மறக்காது. கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் வசந்த் அடிக்கும் ஜோக்குக்காகத் திரும்ப எடுக்கலாம். தொடங்குவதற்கு கொலையுதிர் காலம் நல்லது. பேயா, விஞ்ஞானமா என்ற சந்தேகத்தைக் கடைசிவரை விடாமல் இழுத்துக்கொண்டு போகும். பேய்ப் பயம் மட்டும் போதும் என்றால் இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகள் இருக்கின்றன. விடாது கருப்பு தொலைக்காட்சியில் வந்தபோது தெருவே வெறிச்சோடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சுஜாதாவின் கரையெல்லாம் செண்பகப்பூ வேறு மாதிரி: நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வருகிறவன், ஜமீன் வீடு, ஒரு கொலை. துப்பறியும் கதையை வைத்துக்கொண்டு ஊரை ரசிக்க வைக்கிற வித்தை அதில் இருக்கிறது. எனவே குற்றக் கதையிலிருந்து மற்ற நாவல்களுக்குப் பையன்களை இழுக்க வேண்டும் என்று நினைக்கிற தாய்மார்களுக்கு என் பரிந்துரை அதுதான்.

எந்திரக் கதை என்றால் சுஜாதாவின் என் இனிய இயந்திரா. சர்வாதிகார ஆட்சி, பேசும் எந்திர நாய் ஜீனோ. எண்பதுகளில் எழுதும்போது 2021இல் நடப்பதாக வைத்தார். அந்த வருஷம் வந்து போய்விட்டது. நாம் என்னவோ முகக்கவசத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தோம். இப்போது வாசித்தால் சுஜாதா எதைச் சரியாகச் சொன்னார், எதில் தவறினார் என்று பார்ப்பதே ஒரு தனி வேடிக்கை. பையன் கடல் புறாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டான்.

காதல் நாவல்கள் பற்றிச் சுருக்கமாக: கிளை நூலகத்தில் புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கம் தேதி முத்திரை குத்தும் தாள் ஒட்டியிருப்பார்கள், பாருங்கள். ரமணிசந்திரன் புத்தகங்களில் அந்தத் தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். கதை நல்லபடியாக முடியும் என்று முதலிலேயே தெரிந்து வாசிப்பதில் ஒரு நிம்மதி உண்டு. அந்த நிம்மதியைத் தேடுகிறவருக்கு வேறு எதையும் திணிக்க எனக்கு மனமில்லை.

மலையாளத்திலிருந்து

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் பழைய தலைமுறையில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் உண்டு. பக்கத்து வீட்டு வாத்தியார் மாமா அப்படி ஒருவர். பொன்னியின் செல்வனைப் பற்றிப் பேச்சு வந்தால், "எங்க ராஜா கத வாசிச்சியாடே?" என்று கேட்பார். அவர் சொல்வது சி.வி. ராமன் பிள்ளையின் மார்த்தாண்டவர்மா. 1891இல் வந்தது, மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். அரியணைக்கு வரவேண்டிய இளவரசர் மாறுவேடத்தில் அலைவதும், எட்டுவீட்டுப் பிள்ளைமார் சதியும், பத்மநாபபுரமும், எல்லாம் நாம் தினமும் பேருந்தில் கடந்துபோகும் இடங்கள். மலையாளம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் சரித்திர நாவல் வரிசையில் உடையாருக்கு முன்னால் இதை வைக்கலாம். அந்தக் காலத்து நடை, பொறுமை வேண்டும். மாமாவே சில பக்கங்களைத் தாண்டித்தான் வாசிக்கிறார்.

மலையாளம் தெரியாதவர்களுக்கு குளச்சல் மு. யூசுப் இருக்கிறார். வைக்கம் முகமது பஷீரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். பால்யகால சகி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் உடனே அடுத்த புத்தகத்தை எடுக்க விடாது. எங்க உப்பாப்பாவுக்கொரு ஆனையிருந்தது சிரிப்புக்கு. பஷீரின் பேச்சு நம் கடலோரப் பேச்சுக்கு இவ்வளவு நெருக்கமாகத் தமிழில் கேட்பதற்கு மொழிபெயர்த்தவர் குளச்சல்காரர் என்பதும் ஒரு காரணம். வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் ஆடு ஜீவிதம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். 2024இல் படமும் வந்துவிட்டது. அதோடு சேர்த்து மீரான் மைதீனின் அஜ்னபியையும் பாருங்கள். ஆடு ஜீவிதத்தில் ஒருவனின் தனிமை, அஜ்னபியில் அறை முழுக்க ஆட்களும் அரட்டையும். விடுமுறைக்கு வந்திருக்கும் மச்சான்மார் எது உண்மை என்று சண்டை போட்டுக்கொள்வார்கள், வேடிக்கையாக இருக்கும்.

வாங்குவதா, எடுப்பதா

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், விலையும் பல தினுசு. இணையத்தில் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவும் இருக்கிறது. மற்றவை பலவற்றுக்கு அப்படி இல்லை. புத்தம் வீடும் புளியமரமும் காலச்சுவடு வெளியீடுகள். அந்தப் பதிப்பகமே நாகர்கோவிலில்தான் இருக்கிறது, நேரில் போய்ப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். சாண்டில்யனையும் சுஜாதாவையும் நூலகத்தில் எடுப்பதே புத்திசாலித்தனம். ஒருமுறை வாசிப்பதற்குக் காசு போட வேண்டாம். திரும்பத் திரும்ப எடுப்போம் என்று தோன்றுகிற புத்தகத்தை மட்டும் வாங்குங்கள். என் கணக்கில் அப்படி மூன்று: புத்தம் வீடு, ஒரு கடலோர கிராமத்தின் கதை, புயலிலே ஒரு தோணி. மூன்றும் அடுத்தவர் கைக்குப் போனால் திரும்பி வராத புத்தகங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தடிமனைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. மார்த்தாண்டம் போகும் பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறுகையால் பிடிக்க முடிகிற அளவு தலைகீழ் விகிதங்கள் வரைக்கும்தான். தலைமுறைகள், காடு, ஆழிசூழ் உலகு எல்லாம் வீட்டுக்கு. எங்களுக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை; பெரிய நாவல்களுக்கு இரண்டு பருவம் கிடைக்கிறது. ஒரு பெரியதை முடித்தால் அடுத்தது ஒரு சிறியது என்று மாற்றி மாற்றி எடுத்தால் சலிக்காது. காடு முடித்த கையோடு ஆழிசூழ் உலகை எடுத்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஜெயமோகனின் வெண்முரசு பற்றியும் பலர் கேட்கிறார்கள், பாரதக் கதை என்பதால். மொத்தம் 26 நாவல்கள். 2014 முதல் 2020 வரை நாள்தோறும் இணையத்தில் வெளிவந்தவை. பொன்னியின் செல்வன் ஐந்து பாகம் முடித்த தெம்பில் முழு வரிசையையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். இணையத்திலேயே இலவசமாக இருக்கிறது. முதல் நாவல் முதற்கனலில் அம்பையின் பகுதி வரை வாசித்துப் பாருங்கள். அங்கே நிற்க முடியாமல் மேலே ஓடினால் அச்சுப் புத்தகம் வாங்கலாம். இல்லையென்றால் சாய்வு நாற்காலி காத்துக்கொண்டிருக்கிறது.